சீயக்காயும் அதன் செயலும்

நாடோறும் நம் கண்முன் கிடக்கும் பொருள்களைப்பற்றி நாம் ஆராய்ந்து பார்ப்பது அரிது. பிறர் எடுத்துக் காட்டிய பின்னரே அவற்றைத் திரும்பி நோக்குகின்றோம். சீயக்காய் அத்தகைய பொருள்களுள் ஒன்று. நம் கல்லூரியின் பழைய மாணவருள் முதியோர் பலர்க்குச் சனிக்கிழமை என்றவுடனே நல்லெண்ணெயும் வெந்நீரும் கரைத்துவைத்த சீயக்காயும் நினைவிற்கு வருதல் கூடும்; அது கண்ணிற் பட்டு எரிந்த எரிச்சலும் உடன் நினைவிற்கு வரும். இற்றைநாள் விடுதிக் குளியலறைகளிலோ சீயக்காயின் படம் பொறித்த புட்டிகளைக் காணலாமேயன்றிச் சீயக்காயைக் காண்டல் அரிது. அப்படத்தைக் கண்டு விலைகொடுப்போருள், அக்காய் எத்தகைய கொடியில் விளைகின்றது, தலைமயிரில் அஃது என்ன செய்கின்றது, அப்புட்டியினுள் அஃது எவ்வளவு உளது என்று கூறவல்லார் எத்துணையர்?

பழைமையானது என்னும் ஒன்றே காரணமாகச் சீயக்காயைப் புகழ்வாரும் உளர். அதுவே காரணமாக இகழ்வாரும் உளர். இருதிறத்தாரும் ஆராய்ந்தவர் அல்லர். ஒரு பொருளின் செயலை அறிந்தோரே அதனைத் தக்கவாறு கொள்ளவும் தள்ளவும் வல்லர். அறியாதோர் விற்பவர் சொல்லையே நம்பி நிற்பர். ஆதலின் சீயக்காயின் இயல்பையும் செயலையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வாம்.

பெயரும் கொடியும்

சீயக்காயைச் சீக்காய் என்றும் சிகைக்காய் என்றும் வழங்குவர். சிகை என்பது தலைமயிரைக் குறிக்கும் வடசொல்லாதலின், சிகைக்குரிய காய் சிகைக்காயாயிற்று என்பர். இனிச் ‘சீத்தல்’ என்னும் தமிழ் வினைக்குப் பெருக்கித் தள்ளுதல் என்னும் பொருளுண்மையின், அழுக்கைச் சீக்கும் காய் சீக்காய் எனக் கொள்ளுதற்கும் இடமுண்டு. கன்னடத்தார் இதனைச் ‘சீகேக்காயி’ என்பர். ஆங்கிலத்தாரும் தம் மொழியிற் சொல் இன்மையின் ‘ஷிகாகாய்’ என்றே எழுதுவர்.

இது மரமன்று, செடியுமன்று. மரங்களைப் பற்றி ஏறும் முட்கொடியாம். தண்டிலும் இலைக்காம்பிலும் உள்ள முட்கள் கொக்கிபோல் வளைந்திருத்தலின், கொடி அவற்றால் கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே செல்லும். இலைகள் புளியிலைபோல் சிறு சிறு பிரிவுகளாய்ப் புளிப்புச் சுவையுடையன. பூக்கள் சிறு உருண்டைகளாகத் திரண்டு பூக்கும். காய் பசுமையாயிருக்கும்போது சதைப்பற்றுடையது. உலர்ந்தபின் சுருங்கித் திரைந்து செங்கபில நிறமடையும். விதைகளுக்கு இடையே இடுங்கியிருப்பது அதனை அறிதற்கு ஓர் அடையாளம். நுரைக்கும் பொருள் விதையைச் சூழ்ந்த தோட்டில் மிகுதியாக உளது.

தாவர நூலார் இதனை அவரைக் குடும்பத்துள், தொட்டாற்சுருங்கிக்கு உறவான பிரிவில் வைப்பர். நெடுங்காலம் இதற்கு ‘அக்கேசியா கன்சின்னா’ என்னும் பெயர் வழங்கியது. ‘அக்கேசியா’ என்னும் பேரினம் ஒரே இனமன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்பெயரை ஆஸ்திரேலிய நாட்டு மரங்களுக்கே பெரும்பாலும் உரியதாக்க வியன்னா நகரில் 2005-ஆம் ஆண்டில் கூடிய தாவர நூற் பேரவை இசைந்தது. மெல்போர்னில் 2011-ஆம் ஆண்டில் கூடிய பேரவை அதனை உறுதி செய்தது. அதனால் நம் சீயக்காய் இப்போது ‘செனகாலியா’ என்னும் பேரினத்துள் வைக்கப்படுகின்றது. ஆயினும் விற்பனைப் புட்டிகளின் மேல் ‘அக்கேசியா கன்சின்னா’ என்னும் பழம்பெயரே பெரிதும் காணப்படும். பின்னர்ப் புட்டிச் சீட்டைப் படிக்கும்போது இப்பெயர் நமக்குப் பயன்படும்.

இக்கொடி தென்னாட்டிற்கு மட்டும் உரியதன்று. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவியுளது. பர்மியர் இதனைக் ‘கின்முன்’ எனக் கூறி, வழுவழுப்பான ஒரு மரப்பட்டையோடு கலந்து தலை முழுகுவர். புத்தாண்டுக் காலத்தில் அதனாற் கூந்தல் கழுவுதல் அவர்தம் வழக்கம். வட தாய்லாந்து மக்கள் இக்காயிட்ட நீரைத் தம் புத்தாண்டுச் சடங்குகளில் தூய்மைக்குரியதாகக் கொள்வர். ஒரே காய் மூன்று நாட்டிலும் தூய்மையின் குறியாயிருத்தல் கருதத்தக்கது.

அழுக்கு நீங்கும் வகை

தலையின் தோலில் உள்ள சுரப்பிகள் ஒருவகை நெய்யைச் சுரக்கின்றன. மயிர் வறண்டு முறியாதபடி காப்பது அந்நெய்யே. ஆயின் அது மிகும்போது புழுதியும் உதிர்ந்த தோற்செதிளும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாம் அழுக்கு என்பது இதுவே. நெய்யும் நீரும் ஒன்றோடொன்று கலவாவாதலின் வெறும் நீரால் இஃது அகலாது. இரண்டிற்கும் நடுவில் நின்று இணக்கும் பொருள் ஒன்று வேண்டும்.

சீயக்காயில் அவ்வாறு இணக்கும் பொருளுக்குச் சபோனின் என்று பெயர். சவர்க்காரத்தைக் குறிக்கும் ‘சாப்போ’ என்னும் இலத்தீன் சொல்லடியாக இப்பெயர் பிறந்தது. சபோனினின் ஒவ்வோர் அணுத்திரளும் இருதலையுடையது. ஒருபால் கரியணுக்கள் வளையங்களாக இணைந்த உடல் உளது. அது நெய்யை நாடும். அவ்வுடலுக்கு அக்கேசிக அமிலம் என்று பெயரிட்டுளர். மற்றொருபால் குளுக்கோஸ், அரபினோஸ், ராம்னோஸ் முதலிய சர்க்கரைகள் சங்கிலிபோற் கோத்துக் கிடக்கும். அவை நீரை நாடும். இவ்விரு நாட்டமும் ஓர் உடலில் அமைந்தமையே சீயக்காயின் ஆற்றலுக்குக் காரணம் என்க. பர்மாவில் திரட்டிய காய்களினின்று புதிய சபோனின்கள் மூன்றைப் பிரித்த ஆராய்ச்சியாளர், 2000-ஆம் ஆண்டில் அவற்றை வெளியிட்டபோது, பர்மியப் பெயரைத் தழுவிக் ‘கின்மூனோசைடு’ என்று பெயரிட்டனர்.

சீயக்காய் கரைத்த நீரைத் தலையில் ஊற்றித் தேய்க்குங்கால், சபோனின்கள் தம் நெய்நாடும் பக்கத்தை அழுக்கினுள் செலுத்தி, நீர்நாடும் பக்கத்தை வெளியே நீட்டி, அழுக்கைச் சூழ்ந்துகொள்ளும். இவ்வாறு சிறு சிறு திரள்களாகச் சூழப்பட்ட நெய், நீரில் மிதந்து அதனொடு செல்லும். இதுவே அழுக்கு நீங்கும் வகை. நுரைதான் அழுக்கைப் போக்குகின்றது என்று பலர் எண்ணுவர், அது பிழை. நுரை என்பது நீருக்குள் அடைபட்ட காற்று. எண்ணெய் மிக்க தலையில் நுரை அடங்கிவிடும். எனினும் எண்ணெய் கழன்றுகொண்டேயிருக்கும். சீயக்காய் குறைவாக நுரைத்தலால் அது குறைவாகத் தூய்மை செய்யும் என்று முடிவுகட்டுதல் கூடாது.

சவர்க்காரத்தினின்று வேறுபாடு

சவர்க்காரமும் இருதலையுடைய பொருளே. அது கொழுப்பும் காரமும் சேர்ந்து ஆவது. எனினும் தலைமயிர்க்கு அது பொருந்தாமைக்குக் காரணங்கள் இரண்டுண்டு.

முதலாவது, நம் ஊர்க் கிணற்று நீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிக்க கடின நீரில் சவர்க்காரத்தை இட்டால், அச்சத்துக்கள் அதனோடு கூடிக் கரையாத வெண்படலமாகப் படியும். அப்படலம் மயிரில் ஒட்டி அதனை மங்கச் செய்து பிசுக்காக்கும். சீயக்காய்ச் சபோனினின் நீர்நாடும் பகுதி சர்க்கரையால் ஆயதாதலின், கடின நீரில் அவ்வாறு திரிந்து படிவதில்லை.

இரண்டாவது, காரத்தன்மை. மயிரின் புறப்பரப்பு, ஓடு வேய்ந்த கூரைபோல, ஒன்றன்மேலொன்று படிந்த செதிள்களால் ஆயது. செதிள்கள் படிந்திருக்குமாயின் மயிர் வழுவழுப்பாயும் ஒளியுடையதாயும் இருக்கும். தூக்கி நிற்குமாயின் ஒரு மயிர் மற்றொன்றிற் சிக்கும். ஒரு நீர்மம் புளிப்புடையதா காரமுடையதா என்பதைப் பி.எச். என்னும் அளவாற் குறிப்பர். தூய நீர் 7. அதனிற் குறைந்தது புளிப்பு, மிக்கது காரம். 2014-ஆம் ஆண்டில் வெளியான பிரேசில் நாட்டு ஆராய்ச்சியொன்று தலைத்தோலின் அளவை 5.5 என்றும், மயிர்த்தண்டின் அளவை 3.67 என்றும் குறித்து, 123 ஷாம்புகளின் அளவை ஒப்புநோக்கியது. காரம் மிகுமாயின் மயிரின் மின்னேற்றம் மிக்கு உராய்வு பெருகும் என்பது அவ்வாராய்ச்சியார் கருத்து. சவர்க்கார நீர் ஏறக்குறைய 9 முதல் 10 வரை செல்லும். சீயக்காய் நீரோ இயல்பாகவே புளிப்பின் பக்கத்தது. அதனால் செதிள்கள் எழாமல் படிந்திருத்தற்கு இடமுண்டாகின்றது.

இவ்விரண்டையும் மாணவர் தாமே சோதித்தறியலாம். ஒரே கிணற்று நீரை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் எடுத்து, ஒன்றில் சவர்க்காரக் கரைசலும் மற்றொன்றில் வடிகட்டிய சீயக்காய் நீரும் சில துளி விட்டுக் குலுக்குக. நீர் கடினமாயின் முதற் குழாயில் வெண்திரி காணும்; இரண்டாவதில் அது காணாது. பின்னர் லிட்மஸ் தாள்களைத் தோய்த்து நிறம் மாறுதலை நோக்குக. சவர்க்காரம் செந்தாளை நீலமாக்கும். சீயக்காய் நீலத்தாளைச் செந்நிறமாக்கும்.

மென்மை தரும் முறை

அழுக்ககற்றுதல் வேறு, மயிரை மென்மையாக்குதல் வேறு. பின்னையது நம் இல்லங்களில் மூன்று வழியால் நிகழ்ந்தது. எண்ணெய் முதலிற் பூசப்பட்டது. சீயக்காயின் ஆற்றல் மிதமானதாகலின் அது எண்ணெய் முழுவதையும் பறித்துக்கொள்ளாது. மெல்லிய படலம் ஒன்றை மயிரின்மேல் விட்டுவைக்கும். எண்ணெய் தேய்த்தலும் சீயக்காய் இடலும் ஒரே முறையின் இரு பாதிகள் என்று கொள்ளல் வேண்டும். எண்ணெயின்றிச் சீயக்காயை மட்டும் அடிக்கடி தேய்ப்போர் மயிர் வறண்டது என்று குறைகூறுதல், பாதியை விட்டதன் பயனே. இரண்டாவது வழி, மேலே கூறிய புளிப்பு. மூன்றாவது வழி, சீயக்காயோடு சேர்த்தரைக்கும் வெந்தயம்.

வெந்தயத்தைப்பற்றி ஒன்று கூறல் வேண்டும். அதன் வழுவழுப்புக்குக் காரணம் ‘கேலக்டோமன்னான்’ என்னும் சர்க்கரைச் சங்கிலியாம். கொத்தவரை விதையின் பசையும் அவ்வகையைச் சேர்ந்ததே. இற்றைநாள் இரசாயன நூலார் அக்கொத்தவரைப் பசையை மாற்றியமைத்து, அதற்கு நேர்மின்னேற்றம் ஊட்டி, எதிர்மின்னேற்றமுடைய மயிரின்மேல் ஒட்டிக்கொள்ளுமாறு செய்து ஷாம்புகளிற் கலக்கின்றனர். வெந்தயத்திற்கு அம்மின்னேற்றம் இன்மையின் அது அவ்வளவு உறுதியாக ஒட்டாது. எனினும் அம்மியருகே அமர்ந்த பாட்டியும் ஆய்வுக்கூடத்து இரசாயனியும் ஒரே வகைப் பொருளை நாடினர் என்பது வியக்கத்தக்கதன்றோ?

வீட்டிற்கு வீடு அளவு வேறுபடும். 1 கிலோ சீயக்காய்க்கு 100 கிராம் வெந்தயமும் 200 கிராம் பச்சைப்பயறும் சேர்த்து, நன்கு வெயிலில் உலர்த்தி அரைத்துச் சலித்து வைத்தல் ஒரு முறை. பயற்றுமாவு எஞ்சிய எண்ணெயை உறிஞ்சும். வடித்த கஞ்சியிலோ வெந்நீரிலோ கரைத்துத் தேய்ப்பர். திப்பி மயிரிற் சிக்காதிருக்க வேண்டுவோர், காயை நசுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரையே கொள்ளலாம்.

ஷாம்பு வந்த வரலாறு

கூந்தலைத் தூய்மை செய்யும் பொருள்கள் தமிழ்நாட்டிற் பலவாயிருந்தன. கூந்தலுக்கு எருமண் கொணரச் செல்லும் மகளிரைக் குறுந்தொகை 113-ஆம் பாட்டிற் காண்கின்றோம். அதனை எண்ணெய்ப்பசை போக்கும் களிமண் என்று பொருள் கொள்வர். உசிலிலையைப் பொடித்த அரப்பும் பூந்திக்கொட்டையும் இன்றும் வழங்குகின்றன.

‘ஷாம்பு’ என்னும் சொல்லும் நம் நாட்டினின்று சென்றதே. பிடித்து அமுக்குதலைக் குறிக்கும் ‘சாம்போ’ என்னும் இந்திச் சொல் அதற்கு மூலம். பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகமது என்பார் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் நீராடு நிலையம் ஒன்றை நிறுவி, உடம்பைப் பிடித்துவிடும் இக்கலையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே பரப்பினார். பின்னர் அச்சொல் தலை கழுவுதலைக் குறிக்கலாயிற்று. 1930-ஆம் ஆண்டுகளில் சவர்க்காரமல்லாத செயற்கை அழுக்ககற்றிகள் ஷாம்புவில் இடம்பெற்றன. கடின நீரிலும் அவை நுரைத்தன. நம் நாட்டில் அதனை ஏழையர் இல்லங்களுக்கும் கொண்டுசேர்த்தது சிற்றுறை. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் அம்முறையில் முன்னோடியாவார். அவர் புதல்வர் சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். வெந்நீர் காய்ச்சவும் காய் அரைக்கவும் பொழுதில்லாதவர்க்கு இஃது உதவியாயிற்று என்பதை மறுத்தலாகாது.

சீட்டைப் படிக்குமாறு

ஷாம்பு தீயது என்று கூறுதல் எம் கருத்தன்று. மென்மையான ஷாம்புகளும் உள. புளிப்பளவு பொருந்த ஆக்கியனவும் உள. ஒன்றன் பெயரால் மற்றொன்றை வாங்குதலே தீது. இதனை அறிதற்கு வழியுண்டு. நம் நாட்டின் ஒப்பனைப்பொருள் விதிகளின்படி, சேர்பொருள்களுள் 1 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றை மிகுதியினின்று குறைவிற்கு வரிசையாகப் புட்டியின்மேல் எழுதுதல் வேண்டும். 1 விழுக்காடும் அதற்குக் குறைந்தனவும் அவற்றின்பின் எவ்வரிசையிலும் வரலாம். ஆதலின் ‘சீயக்காய் ஷாம்பு’ என்னும் புட்டியைக் கண்டால், முகப்பிலுள்ள படத்தை நோக்காது, பின்புறச் சீட்டில் ‘அக்கேசியா கன்சின்னா’ எவ்விடத்து நிற்கின்றது என்று நோக்குக. நீருக்கும் செயற்கை அழுக்ககற்றிக்கும் அடுத்து முன்வரிசையில் உளதாயின் ஒருவாறு மகிழலாம். நறுமணப் பொருளுக்கும் நிறப்பொருளுக்கும் பின்னே நிற்குமாயின், தலையைக் கழுவுவது வேறொன்று, பெயர் மட்டும் சீயக்காய் என்று தெளியலாம்.

இவ்வாராய்ச்சியைச் சீயக்காயின் மேலும் செலுத்துதல் நேர்மை. அது நரையைக் கருமையாக்கும், வழுக்கையில் மயிரை முளைப்பிக்கும் என்பன நம்பத்தக்க கூற்றுக்கள் அல்ல. கழுவுதலே அதன் தொழில். இயற்கையானது என்பதனால் தீங்கற்றது என்று கொள்ளுதலும் தவறு. சபோனின் கண்ணின் மென்தோலை உறுத்தும். பொடி மூக்கிற் புகின் தும்மலும் இருமலும் தரும். ஆகலின் குழந்தைகளின் கண்ணை மறைத்துத் தேய்த்தல் வேண்டும். உடம்பிற்கு ஒவ்வாதார் எவரும் அதனை விட்டுவிடுதலே நன்று.

காட்டில் உள்ளவர்

இறுதியாக, இக்காயைப் பறிப்போரை மறத்தலாகாது. சீயக்காயிற் பெரும்பகுதி காட்டில் தானே விளைவது. மலைவாழ் மக்கள் முட்கொடிகளினூடே சென்று திரட்டுவது. கருநாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையிலுள்ள சோலிகர் தேன், நெல்லிக்காய் என்பவற்றோடு சீயக்காயும் திரட்டி வாழ்ந்தனர். காட்டு விலங்குக் காப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டால் அத்தொழில் தடைப்பட்டபோது அவர்கள் பெரிதும் துன்புற்றனர். சிறுவன விளைபொருள்களைத் திரட்டும் உரிமையைக் காடுவாழ் மக்களுக்கு ஒப்புக்கொண்டது 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம். அதன்படி 2011-ஆம் ஆண்டில் சோலிகர் ஊர்கள் பல தம் சமுதாய உரிமையைப் பெற்றன. கொடியை வெட்டாமல் காயை மட்டும் கொய்து, மறுமுளைக்குச் சில காய்களை விட்டுவைத்தல் அவர்கள் கையிலுள்ளது. அவ்வுழைப்பிற்குத் தக்க விலை கொடுத்தல் நம் கையிலுள்ளது.

இதுகாறும் கூறியவற்றால், நம் முன்னோர் சீயக்காயைக் கைக்கொண்டது வெறும் வழக்கத்தாலன்று என்பதும், அதன் செயலுக்குத் தெளிவான காரணங்கள் உளவென்பதும் விளங்கும். அவர்கள் காரணத்தை அறியாராயினும் பயனை அறிந்திருந்தனர். நாம் காரணத்தை அறியும் வாய்ப்புப் பெற்றும் பயனைக் கைவிட்டு வருகின்றோம். மாணவ நண்பர்கள் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம் இல்லத்து முதியோரிடம் அரைக்கும் அளவையும் கரைக்கும் முறையையும் கேட்டு எழுதிக் கொணர்வாராக. ஓர் இல்லத்தில் வெந்தயம் மிகும். ஓர் இல்லத்தில் செம்பருத்தியிலை சேரும். மற்றோரில்லத்தில் பூலாங்கிழங்கு மணக்கும். அவற்றை ஒப்புநோக்கி நம் ஆய்வுக்கூடத்திலே சோதிப்போமாயின், கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று பிறர் சொல்லக் கேளாது நாமே கூறலாம்.